கையும் குரலும்: மேடை ஆடிஷன் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆடிஷன் பற்றியவை. அதிலும் பேச்சும் சைகை மொழியும் கலந்த இருமொழி நாடகங்களைப் பற்றி இத்தனை பேர் கேட்டிருப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: என் அப்பாவும் அம்மாவும் காது கேளாதவர்கள். சைகை மொழியில்தான் நான் முதலில் பேசினேன். வாய்ப் பேச்சு அப்புறம் வந்தது. மேடையில் நடித்திருக்கிறேன், காது கேளாத நடிகைகளுக்குக் குரல் கொடுத்திருக்கிறேன். இப்போது பெரும்பாலும் நடிகர் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்கிறேன்.

கேள்வி: அக்கா, ஒரு தொழில்முறை நாடகக் குழு என்னை ஆடிஷனுக்கு அழைத்திருக்கிறது. ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிவசனங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள் தயாரித்து வரச் சொல்கிறார்கள். எனக்கு அழுகைக் காட்சி நன்றாக வரும். அதைச் செய்யட்டுமா?

அழுகையை விட்டுவிடுங்கள். தேர்வு நாளில் காலையிலிருந்தே அழுகைக் காட்சிகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். பலர் உண்மையாகவே நன்றாக அழுகிறார்கள். ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் கண்ணீரை வரவழைக்க வேண்டுமென்றால், முதல் ஒரு நிமிடம் நடிகரின் கவனம் முழுக்கத் தன் உள்ளேயே இருக்கிறது. எதிரே நிற்பதாகச் சொல்லப்படும் அந்த இன்னொரு ஆள் காணாமல் போய்விடுகிறார். நாங்கள் தேடுவதோ அந்த இன்னொரு ஆளைத்தான். நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள்? அவரிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்? அது கிடைக்காதபோது வழியை எப்படி மாற்றிக்கொள்கிறீர்கள்? இவை தெரிந்தால் போதும்.

அதனால் பாத்திரம் எதையாவது கேட்கிற, மறைக்கிற, பேரம் பேசுகிற ஒரு பகுதியை எடுங்கள். பழைய நினைவை விவரிக்கும் வசனம் படிக்க அழகாக இருக்கும். ஆடிஷனில் பெரும்பாலும் படுத்துவிடும். ‘மாறுபட்ட’ என்றால் ஒன்றில் அழுகை, ஒன்றில் சிரிப்பு என்று அர்த்தமில்லை. ஒன்றில் அதிகாரம் உங்கள் கையில் இருக்கட்டும், இன்னொன்றில் எதிராளி கையில். அதுவே நல்ல வேறுபாடு.

உங்கள் வயதுக்கு அருகில் இருக்கிற பாத்திரம் நல்லது. முழு நாடகத்தையும் படித்துவிட்டு வாருங்கள். இதற்கு முந்தைய காட்சியில் என்ன நடந்தது என்று நான் கட்டாயம் கேட்பேன். எல்லோருக்கும் மனப்பாடமான சினிமா வசனம் வேண்டாம். எவ்வளவு நன்றாகச் செய்தாலும், பார்க்கிறவர் மனதில் அந்த நடிகர் வந்து நிற்பார்.

இரண்டு நிமிடம் என்றால் ஒன்றரை நிமிடத்துக்குத் தயாரியுங்கள். கற்பனை எதிராளியை எங்கள் தலைக்குச் சற்று மேலே, நேர் எதிரில் நிறுத்துங்கள். பக்கச் சுவரில் நிறுத்தினால் உங்கள் பாதி முகம்தான் எங்களுக்குக் கிடைக்கும். உள்ளே வந்ததும் பெயர், நாடகம், பாத்திரம், இவ்வளவும் போதும். தொண்டை சரியில்லை, தூக்கமில்லை என்ற முன்னுரை எதுவும் வேண்டாம்.

கேள்வி: நான் பிறவியிலேயே காது கேளாதவள். காது கேளாதோர் குழுவின் நாடகங்களில் சிறு வயதிலிருந்தே நடிக்கிறேன். இப்போது ஒரு இருமொழி நாடகத்தில் முதன்மை வேடத்துக்கு என்னை ஆடிஷனுக்கு அழைத்திருக்கிறார்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்குச் சைகை மொழி தெரியாதாம். மொழிபெயர்க்க என் தங்கையை அழைத்துப் போகலாமா? வசனத்தை எழுதித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அதை எப்படித் தயாரிப்பது?

தங்கையை அழைத்துப் போகாதீர்கள். இதை நான் தங்கையின் இடத்தில் இருந்து சொல்கிறேன். சின்ன வயதில் அம்மாவுக்காக, அப்பாவுக்காக எத்தனையோ இடங்களில் நான் பேசியிருக்கிறேன். வீட்டு ஆள் மொழிபெயர்த்தால் கூர்மையான சொல் மழுங்கிவிடும். நீங்கள் கேட்காத கேள்வியை அவள் சேர்த்துக் கேட்பாள். இயக்குநர் கடிந்து பேசினால் பாதியை விழுங்கிவிடுவாள். பாசத்தில் செய்வதுதான், ஆனாலும் அன்றைக்கு உங்களுக்கு வேண்டியது உள்ளது உள்ளபடி.

மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வதும் அவருக்குப் பணம் கொடுப்பதும் நாடகக் குழுவின் பொறுப்பு. இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். முடிந்தால் நாடக அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். உங்களுக்கு அனுப்பிய அதே பிரதி சில நாட்களுக்கு முன்பே அவர் கைக்கும் போக வேண்டும் என்று கேளுங்கள். அன்றைக்குக் கொஞ்சம் முன்னதாகப் போய் அவரைச் சந்தித்து, பாத்திரங்களுக்கு நீங்கள் வைத்திருக்கும் சைகைப் பெயர்களை, அதாவது ஒவ்வொருவரையும் குறிக்கும் தனிச் சைகையை, சொல்லிவிடுங்கள்.

அறைக்குள் போனதும், தொடங்கும் முன்பு இடத்தை ஒழுங்கு செய்துகொள்ள இரண்டு நிமிடம் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் இயக்குநருக்குப் பக்கத்தில், அல்லது சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் இருவரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். அவர்களுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் முகமும் கையும் இருட்டாகிவிடும். இடம் மாறச் சொல்லுங்கள். எதிர்வசனம் படிப்பவர் உங்களுக்கு நேர் எதிரே நிற்கட்டும். அவர் வரி முடிந்தது என்பதைக் காட்ட ஓர் அடையாளம் பேசிக்கொள்ளுங்கள்: தாளைத் தாழ்த்துவது, ஓர் அடி முன்னே வைப்பது, எதுவானாலும் சரி. காட்சி நடக்கும்போது உங்கள் கண் மொழிபெயர்ப்பாளரிடம் ஓடிக்கொண்டிருந்தால் நடிப்பு அங்கேயே உடைந்துவிடும். இந்த இரண்டு நிமிடத்தைத் தர மனமில்லாத குழு, வாரக்கணக்கான ஒத்திகையில் உங்களை எப்படி நடத்தும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வசனம். எழுதியிருக்கும் வரிசையில் சொல்லுக்குச் சொல் சைகை வைக்காதீர்கள். இது உங்களுக்கே தெரியும். ஆனாலும் அச்சடித்த தாளைக் கையில் பார்த்ததும் நல்ல நடிகர்கள்கூட அதற்கு அடிமையாகிவிடுகிறார்கள். ‘அவன் வரமாட்டான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ‘அவனுக்கு’ உங்களைச் சுற்றியுள்ள வெளியில் ஓர் இடம் கொடுங்கள். வாசல் பக்கமா, உங்கள் வலது தோளுக்கு அருகிலா? அந்த இடத்தைப் பார்க்கும் பார்வையிலேயே பாதி வசனம் வந்துவிடும். பிறகு காட்சி முழுக்க அவன் அங்கேயே இருப்பான். கடைசியில் அவன் பெயரைச் சொல்லாமல் அந்தப் பக்கம் ஒரு முறை கண் போனாலே போதும். வெளியை இப்படி ஆளத் தெரிந்த நடிகையைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

தயாரித்ததை, அந்தப் பிரதியைப் படிக்காத காது கேளாத நண்பர் ஒருவருக்குச் செய்து காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் கதையும் உங்கள் வசனமும் எங்கே பிரிகின்றனவோ, அங்கே மீண்டும் வேலை செய்யுங்கள்.

முகம் பற்றி ஒரு எச்சரிக்கை. பல சைகை மொழிகளில் புருவமும் தலையசைவும் இலக்கணத்தின் பகுதி. ‘ஆமாம், இல்லை’ என்று பதில் வரும் கேள்விக்குப் பெரும்பாலும் புருவம் உயரும். மொழி தெரியாத தேர்வாளர் அதை ஆச்சரியம் என்றோ கோபம் என்றோ எடுத்துக்கொள்ளலாம். ‘முகத்தைக் கொஞ்சம் குறையுங்கள்’ என்று சொல்லவும் சொல்வார். அப்போது குறைத்துவிடாதீர்கள். பாத்திரத்தின் உணர்ச்சியைக் குறைக்க வேண்டுமா, அல்லது வாக்கியத்தின் கேள்விக்குறியையே எடுத்துவிடச் சொல்கிறீர்களா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் மரியாதையாகக் கேளுங்கள். நல்ல இயக்குநர் இந்தக் கேள்வியில் நிறையக் கற்றுக்கொள்வார்.

கோடு, பூ எதுவும் இல்லாத, உங்கள் கையின் நிறத்தோடு கலந்துவிடாத ஒரே நிற உடை போடுங்கள். மோதிரம், வளையல் வேண்டாம். முடி முகத்தில் விழக் கூடாது. வாயால் பேசிக் காட்டச் சொன்னால் என்ன பதில் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். அது முழுக்க உங்கள் உரிமை.

கேள்வி: ஆடிஷனில் காட்சியை முடித்ததும், ‘இதையே கோபமில்லாமல், ரகசியம் சொல்வதுபோலச் செய்யுங்கள்’ என்றார்கள். முதலில் செய்தது பிடிக்கவில்லையா?

பிடிக்கவில்லை என்றால் நன்றி சொல்லி அனுப்பியிருப்பார்கள். உங்களிடம் இன்னும் கொஞ்சம் நேரம் செலவழிக்க நினைத்தார்கள், அவ்வளவுதான். சொன்னதை வாங்கிக்கொண்டு மாறுகிறீர்களா என்று பார்க்கிறார்கள். பலர் இங்கே சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டு அதே கோபத்தைச் செய்வார்கள். ரகசியம் என்றதும் பக்கத்து அறையில் யாரோ இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குரல் தானாக மாறும்.

கேள்வி: நான் காது கேட்பவன். ஆறு மாதமாகச் சைகை மொழி வகுப்புக்குப் போகிறேன். ஒரு நாடகத்தில் காது கேளாத இளைஞன் வேடத்துக்கு ஆள் தேடுகிறார்கள். விண்ணப்பிக்கலாமா? நடிப்பு என்பதே இன்னொருவராக மாறுவதுதானே?

வேண்டாம் தம்பி. மொழி கற்றுக்கொள்வதில் உங்களுக்கு இருக்கும் ஆசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதனால்தான் நேராகச் சொல்கிறேன். ஆறு மாதத்தில் சொற்கள் வரும். பிறந்ததிலிருந்து அந்த மொழியில் சண்டை போட்டு, கொஞ்சி, பொய் சொல்லிப் பழகிய உடம்பு வராது. அரங்கில் காது கேளாத பார்வையாளர் ஒருவர் இருந்தால் முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அவருக்காகவும்தானே இருமொழி நாடகம் போடுகிறோம்?

இன்னொன்றும் இருக்கிறது. 1980-ல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் ‘சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்’ என்ற நாடகம் அரங்கேறியபோது, அதன் நாயகியாக நடித்தவர் காது கேளாத நடிகை ஃபிலிஸ் ஃப்ரெலிச். நாடகாசிரியர் மார்க் மெடாஃப் அவரை மனதில் வைத்தே அந்த வேடத்தை எழுதினார். அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான டோனி விருது (பிராட்வே நாடகங்களுக்கான உயரிய விருது) ஃப்ரெலிச்சுக்குக் கிடைத்தது. அதே வேடத்தைத் திரையில் செய்த மார்லி மேட்லின் 1987-ல் ஆஸ்கர் வாங்கினார். நடிப்புக்காக இன்னொரு காது கேளாத கலைஞர் ஆஸ்கர் மேடை ஏற, 2022-ல் ட்ராய் காட்சர் வரும்வரை, 35 ஆண்டுகள் ஆயின. இவர்கள் கைக்கு வேடம் வந்ததால்தான் அந்தத் திறமை உலகத்துக்குத் தெரிந்தது. காட்சரும் பல ஆண்டுகள் நாடக மேடையில் உழைத்தவர்தான். ஒரு காது கேளாத நடிகருக்கு எத்தனை வேடங்கள் கிடைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அதில் ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. சைகை தெரிந்த அண்ணன், காதலன், ஆசிரியர் என்று காது கேட்கும் பாத்திரங்கள் இருக்கும். ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே சைகையும் செய்யச் சொல்வார்கள். இரண்டு இலக்கணங்களை ஒன்றாக ஓட்டும்போது ஏதாவது ஒன்று நொண்டும், பெரும்பாலும் சைகைதான் நொண்டும். எங்கே பேச்சை நிறுத்திக் கையை முடிக்க விடுவது என்று ஒரு காது கேளாத பயிற்சியாளரோடு உட்கார்ந்து பழகுங்கள். விண்ணப்பத்தில் ‘சைகை மொழி: ஆரம்ப நிலை’ என்றே எழுதுங்கள். அதைப் படித்து நாங்கள் உங்களை ஒதுக்க மாட்டோம்.

கேள்வி: நான் டப்பிங் கலைஞர். ஒரு நாடகத்தில் காது கேளாத நடிகைக்குக் குரலாக ஆடிஷன் வரச் சொல்கிறார்கள். மேடையில் யாருக்கும் தெரியாமல் ஓரமாக நின்று பேச வேண்டியிருக்குமா? தேர்வில் என்ன பார்ப்பார்கள்?

ஓரமாக நிற்கும் வேலை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 1991-ல் தொடங்கிய டெஃப் வெஸ்ட் தியேட்டர் என்ற குழு, மார்க் ட்வைன் எழுதிய ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலின் மேடை வடிவமான ‘பிக் ரிவர்’ என்ற இசை நாடகத்தை 2003-ல் பிராட்வேக்குக் கொண்டுவந்தது. நாயகனான சிறுவன் ஹக்காக நடித்தவர் காது கேளாத நடிகர் டைரோன் ஜியோர்டானோ. அவருக்குக் குரலாக இருந்தவர் டேனியல் ஜென்கின்ஸ். 1985-ல் அதே நாடகம் முதன்முதலாகப் பிராட்வேக்கு வந்தபோது ஹக்காகவே நடித்தவர் அவர்! இந்த முறை கதை சொல்லும் மார்க் ட்வைனாக மேடையிலேயே இருந்து ஹக்குக்குக் குரல் கொடுத்தார். ஹக்கின் தகப்பன் வேடத்திலோ, சைகை செய்ய ஒருவரும் பேச ஒருவருமாக இரண்டு நடிகர்கள் சேர்ந்து ஒரே ஆளாக வந்தார்கள். சைகை செய்தவர் மேலே சொன்ன ட்ராய் காட்சர்தான். அதே குழுவின் ‘ஸ்பிரிங் அவேக்கனிங்’ 2015-ல் பிராட்வேக்கு வந்தபோது, நாயகிக்குக் குரல் கொடுத்த பாடகி கிட்டாருடன் மேடையிலேயே இருந்தார். குரல் எங்கிருந்து வருகிறது என்பதை ஒளிக்காமல், அதையே நாடகமாக்கிவிட்டார்கள்.

டப்பிங்கில் படம் முடிந்துபோன பொருள். உதடு மாறாது, நீங்கள் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். இங்கே அந்த நடிகை ஒவ்வொரு இரவும் கொஞ்சம் வேறு மாதிரி இருப்பாள். ஒரு கணம் கூடுதலாகக் கையை நிறுத்துவாள். அதனால் தேர்வில் நாங்கள் முதலில் பார்ப்பது உங்கள் கண்ணை. தாளிலேயே இருக்கிறதா, அவள் கையில் இருக்கிறதா? குரல்வளம் எங்களுக்கு இரண்டாவதுதான். வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதன் காரணம் இதுவே.

சொல்லுக்குச் சொல் பொருத்தப் பார்க்காதீர்கள், முடியாது. சைகையில் வாக்கியத்தின் வரிசை வேறு. நம் பேச்சில் நடுவில் வரும் கேள்விச் சொல் அங்கே கடைசியில் வரலாம். ஓர் எண்ணம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் பொருத்துங்கள். அவள் மூச்சு எடுக்கும்போது நீங்களும் எடுங்கள், அவள் கை இறங்கும்போது உங்கள் குரலும் இறங்கட்டும். நடுவில் கொஞ்சம் முன்பின் ஆனால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அப்புறம், அலங்காரம் வேண்டாம். அவள் கோபத்தைச் சிறிதாக, உள்ளே அடக்கிச் செய்கிறாள். நீங்கள் பெரிதாக எடுத்தால் பார்வையாளர் இரண்டு ஆட்களைப் பார்ப்பார். வீட்டில் பழக ஒரு வழி: சைகையில் கதை சொல்லும் ஒரு வீடியோவின் எழுத்து வடிவத்தை முதலில் படித்துவிட்டு, அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிடுங்கள். முதலில் கூடவே மூச்சு மட்டும் விடுங்கள். அதன் தாளம் பிடிபட்ட பிறகு பேசுங்கள்.

ஆடிஷனில் பெரும்பாலும் உங்களைப் பல நடிகைகளோடு மாற்றி மாற்றி நிறுத்திப் பார்ப்போம். வெளியே காத்திருக்கும்போதே அவர்களிடம் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். போனில் எழுதிக் காட்டியாவது, எப்படித் தொடங்கலாம், அடையாளம் என்ன என்று கேளுங்கள். வேகத்தை அவள் கையில் விடுங்கள்.

நிறுத்தத் தெரிவதும் இந்த வேலைதான். ‘பிக் ரிவர்’ நாடகத்தில் ஒரு பாடலின் உச்சத்தில் இசையும் குரலும் சட்டென்று நின்றுவிடும். மேடை முழுக்கக் கைகள் மட்டும் பாடிக்கொண்டிருக்கும். காது கேட்கிற, கேளாத பார்வையாளர் எல்லோரும் அந்தக் கணத்தில் ஒரே நாடகத்தைப் பார்ப்பார்கள்.

கேள்வி: தேர்வுக்குப் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள். இரவில் தனியாக வரச் சொல்கிறார்கள். போகலாமா?

போகாதீர்கள். தொழில்முறைக் குழு நடிகருக்குப் பணம் தரும், நடிகரிடம் வாங்காது. பகலில், வேறு ஆட்களும் இருக்கும் இடத்தில் நடக்காத ஆடிஷனுக்கு யாரும் போக வேண்டாம்.

கேள்வி: எங்கள் நாடகக் குழு முதல் முறையாக ஓர் இருமொழி நாடகம் போடத் திட்டமிடுகிறது. வசனம் அதிகமுள்ள பழைய நகைச்சுவை நாடகம். சைகையில் வருமா என்று எங்களுக்குள்ளேயே சந்தேகம். தேர்வை எப்படி நடத்துவது?

வரும். 2012-ல் லண்டன் குளோப் அரங்கில் டெஃபினிட்லி தியேட்டர் என்ற குழு, ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தைப் பிரிட்டிஷ் சைகை மொழியில் போட்டது. சொல் விளையாட்டு நிறைந்த நாடகம் அது. அமெரிக்காவில் நேஷனல் தியேட்டர் ஆஃப் தி டெஃப் 1967-ல் தொடங்கியபோதே பேச்சையும் சைகையையும் ஒரே மேடையில் வைத்துவிட்டது. நீங்கள் புதிதாகச் சோதனை எதுவும் செய்யவில்லை, தைரியமாக இறங்குங்கள்.

ஆனால் தேர்வு அறிவிப்பு வருவதற்கு முன்பே, காது கேளாத நாடகக்காரர் ஒருவர் உங்கள் மேசையில் இருக்க வேண்டும். ஆலோசனைக்காக ஓரத்தில் உட்காரவைக்காமல், யாரை எடுப்பது என்பதில் அவருக்கும் ஓட்டு கொடுங்கள். அமெரிக்க அரங்குகளில் நாடகத்தின் சைகை மொழிக்கென்றே தனி இயக்குநர் வைக்கிறார்கள். எந்த நடிகரின் சைகை தெளிவு, எது கவிதை, எது வெறும் கையசைப்பு என்று அவரால்தான் சொல்ல முடியும். அவர் இல்லாமல் நீங்கள் தேர்ந்தெடுத்தால், முகம் நிறைய அசைகிறவரையே எடுப்பீர்கள்.

அறிவிப்பை எழுத்திலும் சைகை மொழி வீடியோவிலும் வெளியிடுங்கள். நடிகர்களிடம் வீடியோ கேட்டால், தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு இடுப்பு வரை, விரித்த கைகள் வெட்டுப்படாமல் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் வழக்கமான நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். மொழிபெயர்ப்புக்கு நேரம் எடுக்கும், அவசரப்பட்டால் இரண்டு பக்கமும் தவறாகப் புரிந்துகொள்ளும். நாள் முழுக்க என்றால் ஒரு மொழிபெயர்ப்பாளர் போதாது, மாறி மாறிச் செய்ய இருவர் வேண்டும்.

காத்திருக்கும் இடத்தில் பெயரைக் கூவி அழைக்காதீர்கள். வரிசையையும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள், ஒருவர் நேரில் போய் அழைத்து வரட்டும். இரண்டாம் சுற்றில் சைகை நடிகரையும் குரல் நடிகரையும் சேர்த்தே பாருங்கள். தனித்தனியே பிரமாதமாக இருக்கும் இருவர் சேர்ந்தால் ஒட்டாமல் போவதுண்டு. முடிவைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம், எல்லோருக்கும் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். எடுக்காதவர்களுக்கும் அதே நாளில் அனுப்புங்கள்.